நட்சத்திரம் கட்டும் விதம்

பெற்றோர்களே, 1223-ல் அர்ச். பிரான்சிஸ்கு அசிசியார் இத்தாலியிலே கிரேச்சோ ஊரில் குடில் அமைத்தபோது வைக்கோலும் மாடும் கழுதையுமே போதுமாயிருந்தன. நம் வாசல் நட்சத்திரத்துக்கு மாத்திரம் கடைச்சரக்கு எதற்கு?

ஒரே அளவான பத்து மூங்கில் சிம்புகளை ஐந்தைந்தாகக் கட்டினால் இரண்டு நட்சத்திரங்கள் ஆகும். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து முனைகளை நூலால் இறுக்குங்கள். உள்ளே சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் நாலு விரற்கடைக் குச்சியை முட்டுக்கொடுத்தால் நட்சத்திரம் உப்பிக்கொள்ளும். மைதாப் பசையால் வர்ணக் காகிதம் ஒட்டி, பல்பு நுழைய வழி விடுங்கள். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். காகிதம் நொடியில் பற்றும்.

முடிச்சுப் போடுவது பிள்ளைகளாயிருக்கட்டும். கோணிப்போன முனையை அவர்கள் தூங்கியபின் திருத்திவைக்கும் தகப்பன்மாரும் உண்டு, அது ஆகாது. மிஞ்சிய காகிதத்தில் இன்னுமொன்று கட்டி, தெருவில் தனித்திருக்கும் பாட்டியின் திண்ணையிலே பிள்ளைகளே கொண்டுபோய்த் தொங்கவிடட்டும்.