நாற்காலி வரிசையும் நம் தொடை வலுவும்



முன்பெல்லாம் பள்ளிவாசலின் ஓரத்தில் ஒன்றிரண்டு நாற்காலிகள் கிடக்கும். இப்போது ஜும்ஆ நாளில் ஒரு முழு ஸஃப்பே நாற்காலியாக நிற்கிறது. நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதில் யாரையும் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்த வரிசையில் இருப்பவர்களிடம் பேசிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வலி ஒன்றே பலரை அங்கே கொண்டுவரவில்லை. வலி வந்ததும் நடையையும் உடற்பயிற்சியையும் நிறுத்தினார்கள். நிறுத்தியதால் தொடை வலுவிழந்தது. கடைசியில் ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமல் போனது. வலியைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் பலர் இன்னும் தரையில் தொழுதுகொண்டிருப்பார்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் காட்டாங்குளத்தூரில் இருக்கிறார். வயது 67, சர்க்கரை உண்டு. மருத்துவர் நடக்கச் சொன்னதும் மறுநாளே பஜ்ர் முடித்து மறைமலை நகர் வரை விறுவிறுவென்று போய்வந்தார். போதாததற்கு ரயில் நிலைய மேம்பாலப் படிகளை நான்கு முறை ஏறி இறங்கினார். அன்று மாலை வரை ஒன்றுமில்லை. மறுநாள் தொடை கனத்தது. அதற்கடுத்த நாள் கழிவறையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. "மூட்டு தேஞ்சுபோச்சு பாய், இனிமே நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று சொல்லி, மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். சில மாதங்களில் அவரும் நாற்காலி வரிசைக்கு வந்துவிட்டார்.

அவருக்கு வந்தது மூட்டு வலியே அல்ல, தசை வலி. பழக்கமில்லாத வேலையைத் தசைக்குக் கொடுத்தால் அதன் நார்களில் மிக நுண்ணிய சிதைவு ஏற்படும். உடல் அதைச் சரிசெய்யும்போது வலிக்கும். இந்த வலி உடனே வராது. 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே போய்விடும். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் இந்த வலியை அதிகம் தரும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்குவதுதான் காரணம். வலி குறைந்தபின் அதே வேலையை மறுபடி செய்தால் முன்பைவிடக் குறைவாகவே வலிக்கும். நம் பெரியவர் ஐந்து நாள் பொறுத்து, பாதித் தூரத்தில் மறுபடி தொடங்கியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

மூட்டு வலி வேறு மாதிரி. இரண்டு தொடையும் பரவலாக வலித்து, தொட்டால் நோகுமானால் அது தசை. ஒரு முழங்காலில் மட்டும், விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில், நடக்கும்போதே வலித்தால் அது மூட்டாக இருக்கலாம். காலையில் எழுந்ததும் சிறிது நேரம் இறுகியிருந்து, நடந்தபின் இளகுவது தேய்மானத்தின் வழக்கமான அடையாளம். அப்படியிருந்தாலும் நடையை விட வேண்டியதில்லை. குருத்தெலும்புக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசையும்போதுதான் அதைச் சுற்றியுள்ள திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. முழங்காலுக்கு வரும் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வதும் தொடைத் தசைதான். எடை கூடியவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவும். 1 கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

"இந்த வயசுல தசை எங்கே வளரப்போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முழுமையாகச் செய்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நம் மாநிலத்திலேயே மா. சுப்பிரமணியன் இருக்கிறார். விபத்தில் முழங்கால் அடிபட்டவர். 2021இல் சுகாதார அமைச்சராகும் முன்பே 21 கிலோமீட்டர் ஓட்டங்கள் பலவற்றை ஓடி முடித்திருந்தார். அவரைப் பார்த்து நாளைக்கே ஓடக் கிளம்பிவிட வேண்டாம். அவர் பழகிப் பழகி அங்கே போனவர்.

நமக்கு ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள், வீட்டில் ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடை வலு குறைந்திருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்தும் அதே எழுந்து உட்காருவதுதான். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். எட்டு பத்து முறை செய்து, சற்று ஓய்ந்து, மறுபடி ஒரு சுற்று செய்யலாம். முடியாதவர் முதலில் உயரமான இருக்கையில், கையால் பிடித்துக்கொண்டு தொடங்கட்டும். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவதும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் கூடவே செய்யலாம். இவற்றை வாரம் இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டுச் செய்தால் போதும், தினமும் வேண்டாம். நடையைப் பொறுத்தவரை, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவு மூச்சு இருக்க வேண்டும்; அதுதான் சரியான வேகம். இடமாக ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், அங்கே முழங்காலைவிட லாரிக்குத்தான் பயப்பட வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் வாரக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் புண்ணை உண்டாக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவர்களுக்கு இரட்டை ஆபத்து. கொழுப்புக்காக ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்கு அதனாலேயே தசை வலி வரும். அப்படிச் சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவதும் அதிகம். தக்பீருக்குக் கையைத் தூக்கும்போது தடைபட்டால் தள்ளிப் போடாமல் காட்டிவிடுங்கள்.

சில வலிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. நடக்கும்போது மார்பிலோ தாடையிலோ இடது கையிலோ வரும் அழுத்தம், ஒரே கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலிப்பது, மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் அடிப்பது, கடும் வேலைக்குப் பின் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போவது. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே எதையும் தொடங்க வேண்டும்.

பயிற்சியைக் கற்றுத்தர ஆள் வேண்டும் என்பவர்கள் பிசியோதெரபி மருத்துவரைப் பாருங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மின்சார ரயிலிலேயே போய்வரலாம். வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்காக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி மருத்துவர் வீட்டுக்கே வரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். தனியாகப் போய்க் கேட்கத் தயங்கும் பெரியவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் சொன்னால், இன்ஷா அல்லாஹ், கூடவே வருகிறோம்.