சேமிக்கும் ஒவ்வொரு லீற்றரும் உள்நாட்டு எண்ணெயே

எரிபொருள் பாதுகாப்பு என்றதும், அது அரசாங்கத்தின் வேலை, கப்பல் வருவதும் வராததும் கொழும்பிலுள்ளவர்களின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். 2022ஆம் ஆண்டு அந்த எண்ணம் பிழை என்பதைக் காட்டியது. நாட்டிடம் டொலர் இல்லாமல் போனது. எண்ணெய்க் கப்பலுக்குப் பணம் கட்ட முடியவில்லை. அதன் விளைவு இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடைக் கடைகளின் இராக்கைகளில் தெரிந்தது.

விலைகளைச் சற்று நினைவுபடுத்திப் பாருங்கள். 2021 டிசம்பர் இறுதியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் 26ஆம் திகதி அது 460 ரூபாய். பெற்றோல் 177 ரூபாயிலிருந்து 470 ரூபாயானது. ஆறு மாதங்களுக்குள் டீசல் விலை ஏறக்குறைய நான்கு மடங்கு. அதன்பின் கியூஆர் அட்டை வந்தது. ஆரம்பத்தில் முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றர், லொறிக்கு 50 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். 2023 செப்டம்பரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. ஆனால் அதைக் கொண்டுவந்த காரணம் நீங்கிவிடவில்லை.

காரணம் என்ன?

எமது நாட்டில் மசகு எண்ணெய் உற்பத்தி இல்லை. 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் வெளிநாட்டு எண்ணெயையே சுத்திகரிக்கிறது. 2021 நவம்பரில் மசகு எண்ணெய் இல்லாமல் அதையே மூட நேர்ந்தது. 2011இல் மன்னார்க் கடலில் கெய்ர்ன் நிறுவனம் இயற்கை வாயுவைக் கண்டுபிடித்தது. ஆனால் 2015இல் அந்நிறுவனம் விலகிச் சென்றது. அந்த வாயு இன்னும் எமது அடுப்புக்கு வரவில்லை. நுரைச்சோலை மின்நிலையம் 900 மெகாவொற் வலுவுடையது. அதற்குரிய நிலக்கரியும் கப்பலில்தான் வருகிறது.

எனவே எண்ணெய்க் கிணறு இல்லாத நாட்டுக்கு எரிபொருளைப் பெற மூன்று வழிகளே உண்டு. டொலர் கொடுத்து வாங்குவது ஒன்று. உள்நாட்டில் கிடைக்கும் மாற்று வளங்களைப் பயன்படுத்துவது இரண்டு. எரிப்பதைக் குறைப்பது மூன்று. இவற்றில் மூன்றாவதே மலிவானது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

லொறிக் கணக்கு

ஒரு காலத்தில் களனிவெளிப் புகையிரதப் பாதை அவிசாவளையுடன் நிற்கவில்லை. 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் அது நீண்டது. 1970களில் அவிசாவளைக்கு இப்பாலுள்ள பகுதி மூடப்பட்டது. அன்று தொட்டு எமது பிரதேசத்துக்கு வரும் அரிசி மூடையும், இங்கிருந்து போகும் தேயிலைப் பெட்டியும் வீதியை நம்பியே இருக்கின்றன. ஆகவே டீசல் விலையின் தாக்கம் எமக்குச் சற்று அதிகம்.

பெல்மதுளையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 120 கிலோமீற்றர். போய்வர 240. ஒரு லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு 30 லீற்றர் தேவை. 121 ரூபாய்க் காலத்தில் அந்தப் பயணத்தின் டீசல் செலவு 3,630 ரூபாய். 460 ரூபாய்க் காலத்தில் அதே பயணத்துக்கு 13,800 ரூபாய். 3,000 கிலோ சரக்கு ஏற்றினால் கிலோவுக்கு 4 ரூபாய் 60 சதம் விழும். பாதிச் சுமையுடன் வந்தால் 9 ரூபாய் 20 சதம். பருப்பிலும் சீனியிலும் கிலோவுக்கு எமக்குக் கிடைக்கும் இலாபம் எவ்வளவு என்பதை வியாபாரிகள் அறிவார்கள். பாதி லொறி ஓடினால் அந்த இலாபத்தை டீசல் தின்றுவிடும்.

50 லீற்றர் கோட்டாவில் 30 லீற்றர் ஒரு பயணத்துக்குப் போனால், மிஞ்சும் 20 லீற்றரில் இரண்டாம் பயணம் போக முடியாது. அந்த நிலையில் பக்கத்துக் கடைக்காரருடன் சேர்ந்து ஒரே லொறியில் சரக்கு ஏற்றுவதுதான் வழி. நெருக்கடியில் செய்ய வேண்டியதைச் சாதாரண நாளிலும் ஏன் செய்யக் கூடாது? போட்டி விற்பனையில் இருக்கட்டும், ஏற்றி வருவதில் வேண்டாம்.

டயருக்குச் சரியான காற்று, சுத்தமான எயார் ஃபில்டர், நிதானமான வேகம், நிறுத்திவைக்கும்போது எஞ்சினை அணைப்பது ஆகியவற்றால் 8 கிலோமீற்றர் 9 ஆனால், ஒரு பயணத்தில் 3 லீற்றருக்கு மேல் மீதமாகும். வாரம் ஒரு பயணம் என்றால் வருடத்துக்குச் சுமார் 170 லீற்றர். 460 ரூபாய் விலையில் அது ஏறத்தாழ 80,000 ரூபாய். இது புதிய முதலீடு இல்லாமல் கிடைக்கும் வருமானம்.

கடைக்குள்ளே

60 வொற் குமிழ் பத்து, எட்டு மணி நேரம் எரிந்தால் 4.8 அலகு மின்சாரம் செலவாகும். அவற்றுக்குப் பதில் 9 வொற் எல்ஈடி குமிழ்கள் போட்டால் 0.72 அலகுதான். மின்வெட்டு நேரத்தில் சிறிய மின்பிறப்பாக்கி ஒரு லீற்றர் டீசலுக்கு ஏறக்குறைய 3 அலகே தரும். தேவையில்லாத விளக்கை அதில் எரிப்பது பணத்தை எரிப்பதுதான். வீண்விரயம் கூடாதென்பது எமக்குப் புதிய பாடமல்ல.

எமது மண்ணில் உள்ளவை

நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே ஆய்வுக் கட்டுரையில் எடுத்துச் சொன்னார். எமது பலாங்கொடைப் பக்கத்தில் 120 மெகாவொற் சமனலவெவ மின்நிலையம் 1992 முதல் இயங்குகிறது. தோட்டத் தேயிலைத் தொழிற்சாலைகள் பல ஒரு காலத்தில் தமது ஓடை நீரிலேயே இயந்திரங்களை ஓட்டின. தேசிய மின்சாரம் வந்தபின் அவற்றிற் பல கைவிடப்பட்டன. ஆயினும் மழை பொய்த்தால் நீரும் பொய்க்கும். 1996இலும் 2001-2002இலும் வந்த மின்வெட்டுகள் அதற்குச் சாட்சி. வறட்சி நாட்களில் வெயில் தாராளமாக இருக்கும். ஆகவே நீரும் சூரிய ஒளியும் ஒன்றுக்கொன்று துணை.

கூரைச் சூரிய மின்சாரத்தை ஊக்குவிக்கும் திட்டத்தை அரசாங்கம் 2016இல் ஆரம்பித்தது. கடன் எடுத்துப் பூட்டுமுன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். உங்கள் பகல்நேரப் பாவனை எத்தனை அலகு? கூரை மின்சாரம் இன்று எந்த விலைக்கு வாங்கப்படுகிறது? வாங்கும் விலை மாறக்கூடியது. சொந்தப் பாவனைக்கு ஏற்ற அளவு பூட்டுபவருக்கு நட்டம் வரும் வாய்ப்புக் குறைவு.

விறகும் எரிபொருள்தான். தேயிலைத் தொழிற்சாலைகளின் உலர்த்திகள் பெரும்பாலும் விறகிலேயே ஓடுகின்றன. தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் கிளிரிசிடியா அங்கீகரிக்கப்பட்டது. வேலியோரத்திலும் வளரும் மரம். வெட்ட வெட்டத் துளிர்க்கும். இலை பசளையாகும், தடி விறகாகும். அதைச் சேகரித்து, காயவைத்து, ஒழுங்காக விநியோகிப்பவர்களுக்கு இங்கே வியாபாரம் இருக்கிறது. எண்ணெய்க்காக வெளிநாடு போகும் பணம் அப்போது எமது கிராமத்து வேலிக்காரரின் கைக்கு வரும்.

செய்ய வேண்டியது

கடையில் தனியாக ஒரு எரிபொருள் கொப்பி வையுங்கள். ஊற்றிய லீற்றர், ஓடிய கிலோமீற்றர், ஏற்றிய கிலோ, மின்பட்டியலின் அலகு ஆகிய நான்கையும் மாதாமாதம் எழுதுங்கள். மூன்று மாதத்தில் எங்கே ஒழுகுகிறது என்பது தெரிந்துவிடும். உங்கள் லொறியில் மீதமாகும் 3 லீற்றருக்கு நாடு டொலர் தேட வேண்டியதில்லை. எண்ணெய்க் கப்பலை எம்மால் கொண்டுவர முடியாது. அடுத்த நெருக்கடி வரும்போது கடையைத் திறந்து வைத்திருக்க எம்மால் முடியும். அதற்கான கணக்கை இன்றே எழுதத் தொடங்குவோம்.