நிகமம்: ஒரு பழைய சொல், நமக்கு ஒரு பாடம்



எல்.ஐ.சி. பாலிசி நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் இந்திப் பெயர் 'நிகம்' என்று முடியும். பி.எஸ்.என்.எல். என்பதில் வரும் 'என்' என்ற எழுத்தும் அதே நிகம்தான். தமிழில் இதைக் 'கழகம்' என்கிறோம். "இந்திச் சொல்லாச்சே, நமக்கென்ன?" என்று தோன்றலாம். ஆனால் இது நம்ம மதுரைப் பக்கத்துப் பாறையிலேயே 2000 வருஷத்துக்கு மேலாக இருக்கிறது!

சொல்லின் பொருள்

வடமொழியிலும் பிராகிருதத்திலும் 'நிகம' என்ற சொல் உண்டு. சந்தை கூடும் ஊருக்கும் அந்தப் பெயர். அங்கே சேர்ந்து தொழில் செய்த வணிகர் குழுவுக்கும் அதே பெயர். சோழர் காலத்தில் 'நகரம்' என்ற சொல்லும் இப்படித்தான் இருந்தது. வணிகர் வாழ்ந்த ஊரும் நகரம், அவர்கள் கூடிய சபையும் நகரம்.

கல்லில் எழுதிய பெயர்

மதுரைக்கு அருகே மாங்குளத்தில் சமண முனிவர்கள் தங்கிய மலைக்குகை இருக்கிறது. அங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அறிஞர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. அவற்றில் ஒன்று, வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தோர் கொடை கொடுத்ததைச் சொல்கிறது. இன்னொன்றில் அதே நிகமத்தைச் சேர்ந்த, 'காவிதி' பட்டம் பெற்ற ஒருவர் தம் பெயரில் கொடுத்திருக்கிறார். ஒருவர் கொடுத்தால் அவர் பெயர். குழு கொடுத்தால் குழுவின் பெயர். கணக்கு எவ்வளவு சுத்தம் பாருங்கள்!

ஆந்திராவில் பட்டிப்ரோலு என்ற ஊரில் கிடைத்த கல்பேழையில் நிகமத்தார் பெயர்களை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நம்ம வருகைப் பதிவேடு மாதிரிதான்.

நமக்கு என்ன பாடம்?

வங்கிக் கடன் நம் குழுவின் பெயரில் வருகிறது. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்களும் பொறுப்பு. ஆனால் சில குழுக்களில் ஊக்குநரும் பிரதிநிதியும் பேசி முடித்துவிட்டு, "அக்கா, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று வீட்டுக்கே நோட்டை அனுப்புகிறார்கள். எவ்வளவு கடன், யாருக்கு, எத்தனை தவணை என்று தெரியாமலே நாம் போட்டுவிடுகிறோம். இருவர் எடுத்த முடிவு, குழுவின் முடிவாக எழுதப்படுகிறது. நாளைக்கு வங்கி கேட்டால் "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்ல முடியாது.

எனவே கூட்டத்தில் தீர்மானத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்வோம். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிக்கு இரண்டு முறை படித்துக் காட்டுவோம். புரிந்த பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வைப்போம்.

குழுவில் பேசிப் பார்ப்போம்

1. நம் குழுவின் கடன் பாக்கி எவ்வளவு என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

2. போன கூட்டத்துத் தீர்மானத்தை யார் யார் படித்தோம்?

3. கூட்டத்துக்கு வராதவரின் கையெழுத்தை என்ன செய்கிறோம்?