வக்கீல் வைக்காமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது எப்படி?

விழுப்புரத்தில் ஒருவர் 2022 நவம்பரில், உறவினரின் நினைவு நாளுக்காக ஒரு ஓட்டலில் 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். சாப்பாடு ஒன்று 80 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய். பிரித்துப் பார்த்தால் ஒரு பார்சலிலும் ஊறுகாய் இல்லை. ஓட்டலில் போய்க் கேட்டும் பலனில்லாததால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனார். 2024-இல் உத்தரவு வந்தது: மன உளைச்சலுக்கு 30,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாய், ஊறுகாய்க்கு 25 ரூபாய்.

ஊறுகாய்க்கெல்லாமா வழக்கு என்று கேட்டவர்கள் உண்டு. காசை வாங்கிக்கொண்டு, தருவதாகச் சொன்னதைத் தராவிட்டால் அது ஊறுகாயானாலும் ஃப்ரிட்ஜானாலும் சேவைக் குறைபாடுதான். ஆனால் ஓட்டலோ, கடையோ, பன்னாட்டு நிறுவனமோ, எதிரே யார் நின்றாலும் இப்படிப்பட்ட வழக்குகளின் வெற்றி தோல்வி பெரும்பாலும் ஆணையத்தின் படியேறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வீட்டு அலமாரியில் என்ன காகிதம் இருக்கிறது, அதில் என்ன தேதி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

யார் போகலாம்?

1986-ஆம் ஆண்டுச் சட்டம் போய், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 என்ற புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. காசு கொடுத்துப் பொருளோ சேவையோ பெற்றவர் நுகர்வோர். முழுத் தொகையும் கட்டியிருக்க வேண்டியதில்லை. தவணையில் வாங்கியவரும் நுகர்வோர்தான். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவருக்கும் அந்த உரிமை உண்டு. மகன் வாங்கிக் கொடுத்த வாஷிங் மெஷினுக்காக அம்மா வழக்குப் போடலாம்.

மறுபடி விற்கவோ வியாபாரத்துக்காகவோ வாங்கியவருக்கு இந்தச் சட்டம் உதவாது. இதில் ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது: சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கியிருந்தால் அவரும் நுகர்வோர். வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் பெண் வாங்கிய தையல் மெஷின் இதில் வரும். 20 பேரை வேலைக்கு வைத்திருக்கும் கார்மென்ட்ஸ் கம்பெனி வாங்கியது வராது.

கட்டணம் வாங்கும் மருத்துவமனைகளும் மருத்துவர்களும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. வழக்கறிஞர்களின் சேவை இதற்குள் வராது என்று அதே நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது.

காகிதம் சேர்ப்பது

பொருள் வாங்கிய அன்றே ஆரம்பிக்க வேண்டிய வேலை இது. முதலில் ரசீது. பில் தர மறுப்பதையே நேர்மையற்ற வணிக நடவடிக்கை என்கிறது 2019 சட்டத்தின் பிரிவு 2(47). ‘விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம்’ என்று சீட்டின் அடியில் அச்சடித்து வைப்பதும் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. ரசீதில் சொன்ன கெடுவுக்குள், அப்படிக் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. இது குறையுள்ள பொருளுக்கு மட்டுமான பாதுகாப்பு. நிறம் பிடிக்கவில்லை என்று புடவையைத் திருப்பிக் கொடுப்பதற்கு இதைக் காட்ட முடியாது.

சூப்பர் மார்க்கெட்டிலும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் தரும் வழவழப்பான பில் சில மாதங்களில் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். வாரண்டி ஒரு வருடம் இருக்கும், பில்லில் எழுத்து இருக்காது. அதனால் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும். செல்போனில் படமெடுத்து, தனக்கே மின்னஞ்சலும் அனுப்பிக்கொள்ளலாம். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா என்று கவுண்டரிலேயே பார்க்க வேண்டும். சீரியல் எண் ஒட்டியிருக்கும் அட்டைப்பெட்டிப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, பலரும் கோட்டைவிடும் இடம்: சர்வீஸ் மெக்கானிக் நீட்டும் ஜாப் ஷீட். ‘சரிசெய்யப்பட்டது, வாடிக்கையாளர் திருப்தி’ என்று முன்கூட்டியே அச்சிட்ட வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்பார்கள். படிக்காமல் போட்டால், பின்னாளில் அந்தத் தாளையே எதிர்தரப்பு ஆணையத்தில் காட்டும். ‘இன்னும் குளிர்ச்சி வரவில்லை, குறை தொடர்கிறது’ என்று கையால் எழுதி, தேதி போட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். ஒரு நகலையும் கேட்டு வாங்க வேண்டும். இப்போது பல நிறுவனங்கள் ஜாப் ஷீட்டுக்குப் பதிலாக ஓடிபி கேட்கின்றன. வேலை முடியாமல் ஓடிபியைச் சொல்வதும் அதே கையெழுத்துத்தான்.

கைப்பிடி அளவு பொருளிலும் ஆதாரம் எவ்வளவு பேசும் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்தின் பிஸ்கட் வழக்கைப் பார்க்கலாம். சென்னைக்காரர் ஒருவர் 2021 டிசம்பரில், தெருவில் திரியும் ஜீவன்களுக்குப் போடுவதற்காக ஐடிசி நிறுவனத்தின் மேரி பிஸ்கட் பாக்கெட்டுகளை வாங்கினார். உறையில் 16 பிஸ்கட் என்று இருந்தது, உள்ளே 15 தான் இருந்தது. எண்ணிக்கையை வைத்து விற்கவில்லை, எடையை வைத்துத்தான் விற்கிறோம் என்றது நிறுவனம். உறையில் 76 கிராம் என்று இருக்க, எடை பார்த்தபோது 74 கிராம்தான் நின்றது. ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் 10,000 ரூபாய் செலவுத்தொகையும் தரும்படி 2023-இல் ஆணையம் உத்தரவிட்டது. எண்ணிக்கை, எடை, அளவு பற்றிய புகாரென்றால் ஒன்றிரண்டு பாக்கெட்டுகளைப் பிரிக்காமலே பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம்.

முதலில் நிறுவனத்தின் கதவு

போனில் சண்டை போடுவதால் பயனில்லை. மின்னஞ்சலில் எழுதி, புகார் எண் வாங்க வேண்டும். ஆன்லைனில் வாங்கிய பொருளென்றால் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் அந்த இணையதளத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் விதி.

அதற்கும் அசையாவிட்டால் 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண்; தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கிறார்கள். சிறு தொகை விவகாரங்கள் பல இந்த இடத்திலேயே முடிந்துவிடுவதால், ஆணையத்துக்குப் போவதற்கு முன் இதை ஒருமுறை முயன்று பார்ப்பது நல்லது. எம்ஆர்பி-க்கு மேல் விலை வைத்தாலோ எடை குறைந்தாலோ தொழிலாளர் துறையின் கீழ் இருக்கும் எடையளவு ஆய்வாளர்களிடம் சொல்லலாம். வங்கி விவகாரத்துக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், இன்சூரன்ஸுக்குக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று தனி வழிகளும் இருக்கின்றன.

பிறகு நோட்டீஸ். சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் அனுப்பிவிட்டு வழக்குப் போடுபவரின் கை ஓங்கியிருக்கும். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டியதில்லை. ஒரு ஃப்ரிட்ஜ் விவகாரம் என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு போதும்:

‘14.8.2024 அன்று தங்கள் கடையில் 32,500 ரூபாய் கொடுத்து ஃப்ரிட்ஜ் வாங்கினேன் (ரசீது நகல், இணைப்பு 1). 2.9.2024 முதல் குளிர்ச்சி இல்லை. 4.9.2024, 11.9.2024, 23.9.2024 ஆகிய நாள்களில் மெக்கானிக் வந்து பார்த்தும் குறை தீரவில்லை (ஜாப் ஷீட் நகல்கள், இணைப்பு 2 முதல் 4 வரை). இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் புதிய ஃப்ரிட்ஜ் தர வேண்டும் அல்லது 32,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.’

கோபம், வசவு, ‘உங்களைச் சும்மா விடமாட்டேன்’ எதுவும் இதில் வேண்டாம். கடைக்கு ஒன்று, உற்பத்தி நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு ஒன்று என ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, தபால் ரசீதையும் சேர்ந்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே, எவ்வளவு, எதற்குள்?

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் டெல்லியில் தேசிய ஆணையம். கேட்கும் நஷ்டஈடு இந்தக் கணக்கில் சேராது. 30,000 ரூபாய்க்கு டிவி வாங்கியவர் எவ்வளவு நஷ்டஈடு கேட்டாலும் கணக்கு 30,000 ரூபாய்தான். அவர் கட்டணமாக ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை, 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000.

2019 சட்டம் செய்த பெரிய உபகாரம் ஒன்று உண்டு. வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். குருகிராமில் அலுவலகம் வைத்திருக்கும் ஆன்லைன் நிறுவனத்தைத் திருநெல்வேலிக்கு வரவைக்கலாம்.

கெடு இரண்டு ஆண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து நடக்கிறதே என்று காத்திருப்பது ஆபத்து. கடிதங்களால் கெடு நீளாது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது.

மனு

தமிழிலேயே எழுதித் தரலாம். முதலில் புகார்தாரரின் பெயர், முகவரி. அடுத்து எதிர்தரப்பினர்: விற்ற கடை, தயாரித்த நிறுவனம், ஆன்லைன் என்றால் அந்தத் தளம். ஒருவரை விட்டுவிட்டால், தவறு அவர் மீதுதான் என்று மற்றவர் கைகாட்டித் தப்பிப்பார். பிறகு எண் போட்ட பத்திகளாக, தேதி வரிசையில் நடந்தது. ஒவ்வொரு பத்தியும் ஒரு சம்பவம், அதன் முடிவில் இணைப்பு எண். இந்த ஆணையத்துக்கு ஏன் அதிகாரம் உண்டு, கெடுவுக்குள் இருக்கிறது என்று இரண்டு பத்தி. கடைசியில் பரிகாரம். மனுவோடு உறுதிமொழிப் பத்திரமும் ஆவண நகல்களும் சேர வேண்டும். ஒவ்வொரு எதிர்தரப்புக்கும் ஒரு செட், ஆணையத்துக்குத் தனி செட். எத்தனை என்பதை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்து வைத்தால், அது உண்மையான பதிவு என்ற சான்றையும் கேட்கக்கூடும், தயாராக இருப்பது நல்லது.

பரிகாரப் பத்தியில்தான் நிதானம் தேவை. பொருளின் விலை, வட்டி, உண்மையில் ஆன செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று தனித்தனியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஃப்ரிட்ஜ் ஓடாததால் வெளியில் வைத்த மருந்து கெட்டுப்போனதென்றால் அந்த மருந்து பில் 10,000 ரூபாய் மன உளைச்சலைவிட வலுவாகப் பேசும். உற்பத்திக் குறைபாடு என்று சொன்னால் ஆய்வகச் சோதனைக்கு உத்தரவிடும்படி கேட்கலாம். சோதனைச் செலவை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும்.

நேரில் தாக்கல் செய்யலாம். 2025 முதல் இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாகவும் பிடிஎஃப் கோப்புகளை ஏற்றித் தாக்கல் செய்யலாம். சென்னைக்காரர்கள் வடசென்னை ஆணையமா தென்சென்னை ஆணையமா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாக்கல் செய்த பிறகு

மனுவை ஏற்பதா வேண்டாமா என்பதை ஆணையம் சாதாரணமாக 21 நாள்களில் சொல்ல வேண்டும். புகார்தாரரின் தரப்பைக் கேட்காமல் தள்ளுபடி செய்ய முடியாது. ஏற்றால் எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போகும். அவர்கள் பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒருநாளும் கூட்ட முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முந்தைய சட்டத்தின் கீழ் உறுதியாகச் சொன்னது. 46-ஆம் நாள் வரும் பதிலை ஏற்கக் கூடாது என்று புகார்தாரர் எழுந்து சொல்லலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த தேதி தெரிந்திருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

சமரசத்துக்கு வாய்ப்பிருந்தால் ஆணையமே இரு தரப்பின் சம்மதத்தோடு மத்தியஸ்தத்துக்கு அனுப்பும். பணம் விரைவில் வந்தால் போதும் என்பவர் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. விசாரணை பெரும்பாலும் உறுதிமொழிப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே நடக்கும். வெளியூரில் இருப்பவர், முதியவர் ஆகியோர் மனுக் கொடுத்தால் வீடியோ வழியாக ஆஜராக ஆணையம் அனுமதிக்கலாம்.

மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் ஆண்டுகள் ஆகின்றன. உத்தரப்பிரதேச மாநிலம் மதுராவில் 1999-இல் ரயில் டிக்கெட்டுக்கு 20 ரூபாய் அதிகம் வாங்கியதாகப் போட்ட வழக்கு 2022-இல்தான் முடிந்தது. 20 ரூபாயை வட்டியோடும், கூடவே 15,000 ரூபாயும் தர உத்தரவானது. ஒருவர் இத்தனை ஆண்டுகளை வாய்தாக்களில் கழிக்க வேண்டியிருந்தது என்பது இந்த அமைப்பின் குறை, அந்த மனிதரின் பிடிவாதம் அல்ல. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போவதும், போக முடியாவிட்டால் முன்பே எழுதித் தெரிவிப்பதும் மட்டுமே புகார்தாரரின் கையில் இருக்கிறது. வராமல் போனால் வழக்குத் தள்ளுபடியாகலாம்.

உத்தரவு கைக்கு வந்ததும்

பிடிக்காத தரப்பு 45 நாள்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அது சென்னையில் இருக்கிறது, மதுரையிலும் ஓர் அமர்வு உண்டு. பணம் தர வேண்டிய நிறுவனம் மேல்முறையீடு செய்வதென்றால் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். நேரத்தைக் கடத்துவதற்காகவே மேலே போகும் நிறுவனங்களை இந்த விதி ஓரளவு தடுக்கிறது.

மேல்முறையீடும் போகாமல், பணமும் தராமல் இருந்தால் உத்தரவிட்ட அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே சொத்தை ஜப்தி செய்து வசூலிக்க முடியும். இதோடு பிரிவு 72-இன் கீழ் தனி மனுவும் கொடுக்கலாம்: உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த மனுக்களுக்கு உத்தரவின் சான்றிட்ட நகல் தேவைப்படும் என்பதால், தீர்ப்பு வந்த நாளே அதை வாங்கி, இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, மூலத்தைத் தனியாக வைத்துவிட வேண்டும்.