முதியவரின் இளைப்பு: வயதென்று விட்டுவிடலாமா?

"வயது போனால் இளைக்கத்தானே செய்யும்" என்று எமது வீடுகளில் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். வயதோடு உடல்வலு குறைவது உண்மை. ஆயினும் சென்ற மாதம் கிணற்றடிக்குச் சென்று தண்ணீர் அள்ளிய ஆச்சி, இம்மாதம் முற்றத்தைக் கடக்குமுன் மூச்சு வாங்குகிறார் என்றால் அது வயதினால் வந்ததன்று. காரணத்தைத் தேட வேண்டும்.

இளைப்பு ஓர் அறிகுறி மாத்திரமே. இருதயம், நுரையீரல், இரத்தம் ஆகியவற்றுள் எதில் குறை ஏற்பட்டாலும் இளைப்பு வரலாம். ஆகவே எல்லா இளைப்பையும் தொய்வு என்றெண்ணி, அயலவரின் மருந்தை வாங்கிப் பாவிப்பது ஆபத்தானது.

இடம்பெயர்ந்தபோது பலரின் கிளினிக் கொப்பிகள் தவறிவிட்டன. அத்தகையோருக்கு வீட்டார் சொல்லும் விபரமே வைத்தியருக்கு முதல் வழிகாட்டி. பின்வருவனவற்றைக் கேட்டு எழுதிச் செல்வோம்.

1. எப்போது தொடங்கியது? திடீரென வந்தால் மாரடைப்பாகவோ, நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்ததாகவோ இருக்கலாம். வாரக்கணக்கில் கூடிவந்தால் இருதயப் பலவீனமாகவோ இரத்தச்சோகையாகவோ இருக்கலாம்.

2. படுத்தால் கூடுகிறதா? இரவில் மூச்சுமுட்டி எழும்புவதும், இரு கால்களும் வீங்குவதும் இருதயப் பலவீனத்தைக் காட்டலாம். ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால் அங்கு இரத்தம் உறைந்திருக்கலாம்.

3. இருமல் உண்டா? இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சயரோகத்துக்கான சளிப் பரிசோதனை அவசியம். முதியவர்களுக்கு நியூமோனியா காய்ச்சலின்றியும் வரும். சிலவேளை பேச்சுத் தடுமாற்றமே முதலில் தெரியும்.

4. புகை உண்டா? சுருட்டு, பீடி மட்டுமல்ல, பல்லாண்டு கால விறகடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும்.

5. என்ன மருந்து எடுத்தார்? எப்போது நிறுத்தினார்? குளிசை உறைகளையும் கொண்டுசெல்லுங்கள்.

அவர் ஆறுதலாக இருக்கும்போது, அவர் அறியாதவாறு, நெஞ்சு உயர்ந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 12 முதல் 20 வரை சாதாரணம். 25 அல்லது அதற்கு மேலாயின் தாமதிக்காது காட்ட வேண்டும்.

வைத்தியசாலையில் நாடி, இரத்த அழுத்தம், விரலில் மாட்டும் கருவியால் ஒட்சிசன் அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேவைக்கேற்ப நெஞ்சு எக்ஸ்றே, ஈ.சீ.ஜி., இரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமை, உதடு நீலமாதல், நெஞ்சுநோ, மயக்கம், நினைவு தடுமாறல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுநோ இன்றி இளைப்போடு மட்டும் மாரடைப்பு வருவதுண்டு. உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அதுவரை அவரைச் சாய்த்து இருத்துங்கள், படுக்க வைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பாரமாகக்கூடாதென்று முதியவர்கள் இளைப்பை மறைப்பார்கள். மெல்ல மெல்ல நடையைக் குறைப்பார்கள். எனவே "சுகமா?" என்பதோடு நிறுத்தாது, "முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை?" என்று கேட்போம். அந்தப் பதிலில்தான் நோய் வெளிப்படும்.