உளுந்தின் வேர் முடிச்சில் குடியிருப்பது யார்?

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் நிலங்களில் உளுந்தும் பாசிப்பயறும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவ மழையை நம்பியே மானாவாரியாகச் சாகுபடி செய்யப்படுகின்றன. இச்செடிகளின் வேரில் காணும் சிறு முடிச்சுகள் நோயன்று என்பதும், தழைச்சத்தைச் சேர்ப்பவை என்பதும் விவசாயிகள் அறிந்ததே. ஆயினும் முடிச்சு இருப்பது வேறு. அது வேலை செய்வது வேறு. இவ்வேற்றுமையை அறியாதவர் விதைநேர்த்திக்குச் செலவிட்ட பணம் வீணாகக் கூடும்.

முடிச்சு உண்டாகும் விதம்: பயற்றஞ்செடியின் வேர் ஒருவகைப் பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணர்ந்த ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள் தாமும் ஒரு பொருளைச் சுரக்கின்றன. உடனே வேர்த்தூவி சுருண்டு அவற்றை உள்ளே ஏற்றுக்கொள்கிறது. அவ்விடத்தில் முடிச்சு எழும்புகிறது. செடி சர்க்கரைச் சத்தை அளிக்கிறது. பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடியின் உணவாக மாற்றித் தருகிறது. 1888-ம் ஆண்டில் ஹாலந்து தேசத்து விஞ்ஞானி பெய்ஜெரிங்க் இந்தப் பாக்டீரியாவை முடிச்சிலிருந்து தனியே பிரித்தெடுத்தார்.

மரபணு ஆராய்ச்சி: நுண்ணோக்கியில் பார்த்தால் நல்ல பாக்டீரியாவும் சோம்பல் பாக்டீரியாவும் ஒன்றுபோலவே தோன்றும். இக்காலத்தில் முடிச்சிலுள்ள பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைப் பிரித்து, அதில் அடங்கிய நால்வகை எழுத்துக்களின் வரிசையைக் கருவியால் படித்து அடையாளம் காண்கிறார்கள். இதைக் கிராம அதிகாரிகள் எளிதில் அறிந்துகொள்ளலாம். நிலத்தின் பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். சாகுபடி செய்பவர் வேறொருவராக இருப்பதுண்டு. அதை அடங்கல் காட்டும். அதுபோலவே, ஒரு மரபணு பாக்டீரியாவின் குலத்தைக் காட்டும். வேறு சில மரபணுக்கள், முடிச்சு உண்டாக்கும் திறனும் நைட்ரஜனை மாற்றும் திறனும் அதற்கு உண்டா என்பதைக் காட்டும்.

இரண்டையும் ஒருங்கே பார்ப்பது ஏன் அவசியமென்பதை ஆஸ்திரேலியாவில் நேர்ந்தது விளக்கும். அங்கே 1994-ம் ஆண்டில் பிஸெருலா என்னும் தீவனப் பயறு புதிதாகக் கொண்டுவரப்பட்டது. அதற்குரிய பாக்டீரியாவையும் சேர்த்தே விதைத்தார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின் முடிச்சுகளை ஆராய்ந்தபோது, அவற்றுட் சிலவற்றில் வேறு பாக்டீரியாக்கள் குடியிருந்தன. விதையோடு இட்ட பாக்டீரியாவின் கூட்டுவாழ்வு மரபணுத் தொகுதியை அவை பெற்றுக்கொண்டிருந்தன. முடிச்சுகள் ஏராளமாக உண்டாயின. ஆனால் தழைச்சத்து சொற்பமாகவோ, சிறிதும் இல்லாமலோ போயிற்று. இவ்வாராய்ச்சி 2006, 2007-ம் ஆண்டுகளில் வெளியாயிற்று.

விவசாயிகள் செய்யத்தக்கது:

1. ஒரு ஹெக்டேருக்கு வேண்டிய விதையுடன் பயறுக்குரிய ரைசோபியம் 600 கிராமை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூஞ்சாண மருந்து கலப்பதானால் அதை 24 மணி நேரம் முன்னரே முடித்துவிட வேண்டும்.

2. ஈரமில்லாத மண்ணில் விதைத்து மழைக்குக் காத்திருந்தால், விதைமேல் ஒட்டிய பாக்டீரியாக்களில் பெரும்பகுதி மடிந்துபோகும். ஆகையால் ஈரம் கண்டு விதைப்பதே நலம்.

3. நிலத்தின் ஓர் ஓரத்தில் சில சால்களை மட்டும் ரைசோபியம் கலவாத விதையால் விதைத்து வைக்க வேண்டும். கையிலும் கருவியிலும் பாக்டீரியா ஒட்டாதிருக்க, அச்சால்களையே முதலில் விதைப்பது நன்று.

4. பூக்கும் தருணத்தில் இரு பகுதிகளிலும் சில செடிகளை மண்ணோடு தோண்டியெடுத்து, வேரை நீரில் அலசி, முடிச்சுகளை நறுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது; வெண்மையோ பச்சையோ இருந்தால் பயனில்லை.

மரபணு வரிசையைப் படிப்பது ஆராய்ச்சிக்கூடத்தின் வேலை. முடிச்சின் நிறத்தைப் படிப்பதும் இரு பகுதிகளின் விளைச்சலைத் தனித்தனியே அளந்து குறித்து வைப்பதும் விவசாயியின் வேலை. இரு பகுதிகளுக்கும் வித்தியாசம் காணாவிடில், 1901-ம் ஆண்டில் ஏற்பட்ட கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் அக்குறிப்பைக் காட்டி யோசனை கேட்கலாம். அடுத்த பருவத்துக்கு அக்குறிப்பே வழிகாட்டியாகும்.