269 இடம் மாறவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களின் சேலை டிசைன்களுக்காக நீ எழுதும் பேக்கப் மென்பொருளைப் பார்த்தேன். வேகம் நன்று. ஆனால் கெட்டுப்போன கோப்பைக் கண்டால் அது சத்தமில்லாமல் தாண்டிப் போகிறது. அங்கேதான் எனக்கு உன்னோடு சண்டை.

1894-ல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு சில பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. புலமைக்கு என்ன குறை, தாமே எழுதி நிரப்பியிருக்கலாம். ஆனால் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டிவிட்டு நகர்ந்தார். 269-ஐ 267 ஆக்கவும் இல்லை.

கோப்புகளைத் துண்டுதுண்டாகச் சேமிக்கும் போர்க் பேக்கப் மென்பொருளின் 1.2 பதிப்பு செய்வதும் ஏறக்குறைய இதுதான். பழுதுபார்க்கும்போது தொலைந்த துண்டின் இடத்தில் அதே நீளத்துக்குப் பூஜ்யங்களை வைக்கும். அடுத்த பகுதி இடம் பெயராது. அசல் துண்டு பிறகு கிடைத்தால் அங்கேயே பொருந்திக்கொள்ளும்.

உன் நிரலில் இன்னொரு குழி இருக்கிறது. ஒரே துண்டை இருமுறை சேமிக்காமலிருக்க ஹேஷ் அட்டவணையைப் பார்க்கிறாய். வட்டில் அந்தத் துண்டின் ஒரு பிட் புரண்டுவிட்டது என்று வை. அதைப் பகிரும் அத்தனை பேக்கப்பிலும் அந்தப் பகுதி போயிற்று. நாளைக்கு மூலக் கோப்பு நல்லபடியாகவே வரும்; உன் அட்டவணையோ, ‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பிவிடும். நல்ல பிரதி வாசல்வரை வந்தும் உள்ளே சேராது! ஆகவே கெட்டது தெரிந்ததுமே அட்டவணையிலிருந்து எடு. ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளின் கையேடும், அட்டவணையைச் சரிசெய்து மறுபடி பேக்கப் எடுத்த பிறகுதான் பழைய ஸ்நாப்ஷாட்டுகளில் கை வைக்கச் சொல்கிறது. ஆனால் கெட்ட துண்டை அழித்துவிடாதே, தனியே ஒதுக்கி வை. புரண்டது ஒரே பிட் என்றால் மீட்க வழியுண்டு.

இதெல்லாம் தெரிய வேண்டுமானால் துண்டுகளைப் படித்துப் பார்க்க வேண்டும். கோப்பு இருக்கிறதா என்று பெயரை மட்டும் சரிபார்ப்பது சோதனையே அல்ல. மொத்தமாகப் படிக்க நேரமில்லையென்றால் தினம் கொஞ்சம் படி.

மீட்கும்போது ஒரு கோப்பு கெட்டதற்காக மற்றவற்றை நிறுத்தாதே. அதற்காக முடிவில் பச்சை டிக்கும் போடாதே. ‘செக்சம் பிழை’ என்றால் தறிக்காரருக்கு என்ன விளங்கும்? ‘இந்த டிசைனின் முந்தானைக் கோப்பு கெட்டிருக்கிறது, போன வெள்ளிக்கிழமைப் பிரதி நன்றாக இருக்கிறது, அதை எடுக்கட்டுமா?’ என்று கேள்.

பழைய பிரதிகளைக் கழிக்கும் பகுதியை நீ இன்னும் அனுப்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமைப் பிரதியை நாள் கடந்ததென்று அது நீக்கிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்